என் மேஜையில் எரிந்த மதர்போர்டு

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் பக்கத்துக் கடை சேகர். அவனுக்குப் பிறகும் பலர் செய்தார்கள். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா, முதல் இடம் அவனுக்குத்தான்.

கம்ப்யூட்டர் பாகம் விற்கிற தொழிலில், சாமான் ஓடுகிற வரைக்கும் அது வாங்கியவரின் புத்திசாலித்தனம்; நின்றுவிட்டால் கடைக்காரனின் கோளாறு. மிக்சி, மோட்டார், இன்வெர்ட்டர் என்று எதையாவது விற்றோ பழுது பார்த்தோ பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். நீங்களும் பட்டிருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

எட்டாவதோடு போதும் என்று பள்ளிக்கூடமே என்னிடம் சொல்லிவிட்டது. ஒயரிங் வேலைக்குப் போனேன், பிறகு டிவி ரிப்பேர், பிறகு கம்ப்யூட்டர். மேற்குத் தாம்பரத்தில் என் கடை. இடது பக்கம் சேகர் கடை. இரண்டுக்கும் எதிரே பஷீர் பாயின் டீக்கடை. எங்கள் தெருவில் ஒரு செய்தி பரவ வேண்டும் என்றால் பாய் கடையில் ஒருதரம் சொன்னால் போதும்.

இந்தக் கதைக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் ப்ராசசருக்குக் கம்பெனி ஒரு வேகம் வைத்து அனுப்புகிறது. அது போதாது, இன்னும் விரட்டுவேன் என்று ஆசைப்படுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். விரட்ட விரட்ட அது அதிகக் கரண்டு கேட்கும். அதை அளந்து கொடுக்க வேண்டியது மதர்போர்டு. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை நினைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் எல்லா வீட்டிலும் ஏசி போட்டதும் அது 'டப்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஓய்வெடுத்துக்கொள்ளும். சோப்ளாங்கி போர்டை வாங்கி ஓவர்கிளாக் செய்தாலும் அதேதான் நடக்கும்.

மேஜை என்னுடையது

காட்டாங்குளத்தூரில் படிக்கிற ஒரு பையன் புது ப்ராசசரைக் கையில் வைத்துக்கொண்டு, ஓவர்கிளாக் செய்ய போர்டு வேண்டும் என்று வந்தான். ப்ராசசர் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் கனமான உலோகத் தகடு வைத்த போர்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சூட்டை இழுக்கிறது அந்தத் தகடுதான். விலையைக் கேட்டுவிட்டுப் பையன் பெருமூச்சு விட்டான், பக்கத்துக் கடைக்குப் போனான். அங்கே சேகர், தகடே இல்லாத ஒரு போர்டை, "இதுலயும் ஓவர்கிளாக் ஆப்ஷன் கீது தம்பி" என்று சொல்லி விற்றுவிட்டான். ஆப்ஷன் இருந்தது உண்மை. நம் வண்டியின் மீட்டரிலும்தான் நூற்றிருபது வரைக்கும் எழுதியிருக்கிறது.

ஓட்டிக் காட்டும் நேரத்தில் சேகர் கடைக்கு மட்டும் கரண்டு போய்விட்டது. போர்டும் பையனுமாகச் சேகர் என் கடைக்கு வந்தான். "அண்ணா, உங்க டேபிள்ல ஒரு தபா ஓட்டிக் காமிச்சிட்டுப் போயிடறேன்" என்றான். நான் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துவிட்டு இடம் கொடுத்தேன். அவனே மாட்டினான், அவனே வேகத்தை ஏற்றினான், போதாதென்று வோல்டேஜையும் ஏற்றினான். ப்ராசசருக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு பொறி. அப்புறம் புகை. பாய் கடையில் பஜ்ஜி வாங்க நின்றவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாய் அங்கிருந்தே என்னாச்சு என்று சத்தமாகக் கேட்டார். சேகர் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. "முனுசாமிண்ணா டேபிள்ல ஒரு போர்டு கருகிடுச்சு பாய்" என்றான்.

யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு பொய்கூட இல்லை. மேஜை என்னுடையது. போர்டு கருகியது. 'போர்டு நான் வித்தது, ஓட்டுனதும் நான்தான்' என்கிற மிச்சத்தை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான். அந்தப் பையனுக்கு வேறு போர்டு மாற்றிக் கொடுத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு அந்த மிச்சப் பாதியைத் தர வேண்டும். பாய் கடை முன்னால், நாலு பேர் நிற்கிறபோது தர வேண்டும். அன்று சாயங்காலமே, ஏன்டா முழுசாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்: "யாரும் கேக்கலியேண்ணா."

கறுப்பு ஆகாது

எங்கள் தெருவில் இன்னொரு முனுசாமி உண்டு. அவருக்கு ஜெராக்ஸ் முனுசாமி என்று பெயர். எனக்கு அதுவரைக்கும் அடைமொழி எதுவும் இல்லை. மறுநாள் காலையில் கடை திறக்கும்போது நான் கருகல் முனுசாமி ஆகியிருந்தேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒருவர், மரியாதையாக 'திரு' எல்லாம் போட்டு, உறையின் மேல் கருகல் முனுசாமி என்றே எழுதியிருந்தார். என் மனைவி அந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நாட்களில் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். நெல் விளைந்த நிலமெல்லாம் இப்போது மனைகளாகி, வெள்ளைச் சட்டையும் பெரிய காருமாக இருக்கிறவர். மகள் கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த ப்ராசசர், அதற்கு எந்த போர்டு தாங்கும் என்று என்னைவிட நன்றாகவே சொன்னாள். சரியான தேர்வு. நான் பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வாங்கற மொதல் பொருளே கறுப்பாம்மா?"

ஓவர்கிளாக் போர்டு என்றால் பெரும்பாலும் கறுப்பாகத்தான் வருகிறது, வெள்ளை வேண்டுமென்றால் சொல்லி வரவழைக்க வேண்டும் என்றேன். அவர் என் பழைய சாமான் அலமாரியை நோட்டம் விட்டு, "அதோ, பச்சையா லட்சணமா ஒண்ணு கீதே" என்றார். "அப்பா, அது பிரிண்டருக்குள்ள இருக்கறது" என்றாள் மகள். கடைசியில் அவர்கள் வாங்கியது சேகர் கடையில். அதே கறுப்பு போர்டு. பெட்டி வெள்ளை சார், வீட்டுக்குள்ள பெட்டிதானே முதல்ல போகுது என்று சொல்லி விற்றிருக்கிறான். அது அவன் சாமர்த்தியம், அதை விடுங்கள். அந்தப் பெரியவர் என் கடைக்கு வருமுன் பாய் கடையில் வழி விசாரித்திருந்தார். படியிறங்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குக் கறுப்புதாம்பா வசதி. கருகினாலும் வெளிய தெரியாது பாரு."

தராசு

போன பெயரைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் நல்ல போர்டாகப் பார்த்து விற்க வேண்டும், வாங்குகிறவருக்கும் அது ஏன் நல்லது என்று புரிய வேண்டும். நான் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தேன். போர்டை இரண்டு கையிலும் வாங்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் தகடு நிறைய இருக்கிறது, ஓவர்கிளாக்குக்குத் தாங்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது.

பெருங்களத்தூரில் புது அடுக்குமாடியில் இருக்கிற ஒரு வங்கி ஊழியர், இதைக் கேட்டுவிட்டுப் போய், அடுத்த முறை வரும்போது சமையலறைத் தராசோடு வந்தார். வீட்டில் கேக் செய்ய வாங்கியதாம். என் மேஜையில் வைத்து ஒவ்வொரு போர்டாக நிறுத்தார். அதிலே அதிக எடை காட்டியது ஒரு ஜிகினா போர்டு. உள்ளே சரக்கு சுமார்தான். மேலே கலர் விளக்கு, மூடி, பின்னால் ஒரு இரும்புத் தகடு என்று அலங்காரத்தில் ஏறிய எடை. நான் சொன்ன விதியை நானே மறுத்துப் பேச வேண்டியதாயிற்று. சார், அது வெறும் அலங்காரம், இதை எடுங்கள் என்று இன்னொன்றைக் காட்டினேன். அவர் நான் காட்டியதைத் தராசில் வைத்தார், முள் நின்ற இடத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "இது எடை குறையுதே. கொசுறா என்ன போடுவீங்க?"

சந்தனம்

சேலையூரில் பிரபு என்று ஒருவர் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். படம் சீக்கிரம் தயாராக வேண்டும், அதற்கு கம்ப்யூட்டரைக் கொஞ்சம் விரட்டி வையுங்கள் என்று கேட்டார். பார்த்துப் பார்த்துச் செய்தேன். தகடு கனமான போர்டு, பெரிய ஃபேன், அளவான வேகம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. மனசுக்குள் நான் அந்த கம்ப்யூட்டரை என் சாட்சியாகவே வைத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் போன் வந்தது. "அண்ணா, உங்க போர்டு போயிடுச்சு." மஞ்சள் பைக்குள் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஸ்டூடியோவில் பிரபுவின் மாமனார், மச்சான் என்று குடும்பமே நின்றது. அன்றைக்குள் ஒரு கல்யாண வீடியோவைக் கொடுத்தாக வேண்டுமாம். கருகல் கடையில் வாங்காதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே என்று மாமனார் என் காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே கோயில். மெமரி ஒவ்வொன்றுக்கும் மூன்று கோடு விபூதி, ஃபேன் நடுவில் குங்குமம், நான் தேடித் தேடி வாங்கிய தகட்டின் மேல் வரிசையாகச் சந்தனப் பொட்டு. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். அது சூட்டில் இளகி, மெமரி மாட்டுகிற பள்ளத்துக்குள் இறங்கி, அங்கேயே இறுகிப் போயிருந்தது.

பல் தேய்க்கிற பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்து, ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டி, ஹேர் டிரையரில் காயவைத்து, மாட்டினேன். ஓடியது. மாமனார் எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். இதுதான் சமயம் என்று பிரபுவைத் தனியாகக் கூப்பிட்டேன். மோர் எல்லாம் வேண்டாம், ஒருநாள் பாய் கடைக்கு வந்து, முனுசாமி போர்டு கருகவில்லை, சந்தனத்தால் நின்றது என்று நாலு பேர் முன்னால் சொன்னால் போதும் என்றேன். பிரபு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பூஜை பண்ணதால கெட்டுப்போச்சுன்னு என் வாயால எப்படிண்ணா சொல்றது? சாமி குத்தம் ஆயிடும். கருகல்னே இருந்துட்டுப் போவட்டும், உங்களுக்குத்தான் பழகிப்போச்சே."

சொட்டர் போட்ட ஆள்

மே மாத மத்தியானம். ஷட்டரைத் தொட்டால் கை சுடுகிற வெயிலில் மூன்று மாணவர்கள் வந்து நின்றார்கள். ஒருவன் கேட்டான், "கருகல் அங்கிள் கடை இதுதானே?" நேராகக் கேட்டுவிட்டானே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், என்ன வேண்டும் என்றேன். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து போர்டைத் தேர்வு செய்து வைத்திருந்தார்கள். நல்ல போர்டுதான். ஆனால் வீடியோவில் காட்டிய வேகம் அப்படியே வேண்டும், ஒரு புள்ளி குறையக் கூடாது என்றார்கள். போனை வாங்கிப் பார்த்தேன். அந்த ஆள் கம்பளிச் சொட்டர் போட்டுக்கொண்டு பேசுகிறார். பின்னால் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது.

"தம்பி, இவர் எந்த ஊரு?" என்றேன். "ஊர் தெரியல அங்கிள், ரூம் டெம்பரேச்சர் இருபதுன்னு போட்டிருக்கார்." "நம்ம ஊர்ல இருபது எங்க கிடைக்கும்?" மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஃப்ரிட்ஜுக்குள்ள" என்றான் குட்டையாக இருந்தவன். ஏற்கெனவே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. வாடகை வீட்டில் ஏசி இல்லை என்று, தண்ணீர் ஊற்றுகிற ஏர்கூலரின் வாயை, மூடி கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். நம் கடலோரக் காற்றே ஈரம், அதில் கூலர் ஈரமும் சேர்ந்து, பழைய போர்டு முழுக்கத் துரு. அதைப் பையிலிருந்து எடுத்து என் மேஜையில் வைத்தார்கள். இன்னொரு போர்டு, மறுபடியும் என் மேஜை. அதை முதலில் தூக்கித் தரையில் வையுங்கள் என்றேன்.

வீடியோவில் பார்த்த அந்தப் போர்டையே வாங்குங்கள், வேகத்தை நம் வெயிலுக்குத் தகுந்த மாதிரி குறைத்து வையுங்கள், மார்கழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். மனசு கேட்கவில்லை. ஊரெல்லாம் இந்தக் கடையில் போர்டு கருகும் என்று சொல்கிறது, அது தெரிந்தும் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். உயரமான பையன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தான். "அங்கிள், கருகற வரைக்கும் ஓட்டிப் பாத்தவர்கிட்டதான லிமிட் எதுன்னு கேக்க முடியும்?"

அவனாகவே வந்தான்

நான் உண்மையைச் சொன்னேன். அன்று கருகிய போர்டை நான் விற்கவில்லை, நான் ஓட்டவும் இல்லை, பக்கத்துக் கடை சேகர்தான் என்றேன். சிரித்தார்கள். போகும்போது வாசலில் நின்று என்னைப் படம் எடுத்து, எந்தக் குழுவிலோ போட்டுவிட்டார்கள். அடுத்தடுத்து காட்டாங்குளத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் கருகல் அங்கிளிடம்தான் போர்டு வேண்டும். வருகிற ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. வயசானவர், அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைக்குள் உட்கார இடமில்லாமல் பாய் கடை பெஞ்சுவரைக்கும் கூட்டம்.

சேகர் தன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் ஃப்ளெக்ஸ் பலகை ஒன்று வைத்தான். கைகூப்பிய அவன் படம். கீழே கொட்டை எழுத்தில், 'ஓவர்கிளாக் ஸ்பெஷலிஸ்ட். அந்த போர்டை எரித்தது நாங்களே!' பலகையை இரண்டு தரம் படித்தேன். அப்புறம் யோசித்தேன். வாயால் போன பெயர் வாயால்தான் வர வேண்டும். அதுவும் வியாபாரத்துக்காக எழுதியது என் கணக்கில் வராது. மாணவர்கள் பலகையைப் படித்துவிட்டு, "பாவம் அங்கிள், உங்களைக் காப்பி அடிக்கறாரு" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள்.

மறுநாள் சேகர் அவனாகவே என் கடைக்கு வந்தான். உள்ளே நாலைந்து பிள்ளைகள் போர்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் கடையிலும் நல்ல கூட்டம். "அண்ணா, எழுந்து வாங்க" என்றான். "எங்கடா?" "பாய் கடைக்கு. நாலு பேர் முன்னால சொல்லணும்னு எத்தினி வருசமா கேட்டுகினு கீறீங்க. வாங்க, சொல்லிடறேன். போர்டு என்னுது, ஓட்டுனதும் நான்தான், அண்ணன் ஒண்ணும் பண்ணலன்னு இவங்க எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்றேன்."

என் கால் அதுவாகவே எழுந்தது. பாய் அங்கிருந்தே பார்த்துவிட்டு, கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார். கல்யாண உறையின் மேல் அந்தப் பெயரைப் பார்த்தபோது என் மனைவியின் முகம் எப்படிப் போனது என்று நினைத்துக்கொண்டேன். வாசல்வரை போனேன். சேகர் சொன்னால் இவர்கள் நம்பிவிடுவார்கள். நான் சொல்லி நம்பாததை அவன் சொல்லி நம்புவார்கள், அவன் குரல் அப்படி. பிள்ளைகளில் ஒருவன் கையில், கறுப்பாக, கனமாக, தகடு மின்ன ஒரு போர்டு. விலை கேட்க என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப வேணாம்டா, காலேஜ் அட்மிஷன் எல்லாம் முடியட்டும்" என்றேன். சேகர் என்னையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான், விஷயம் புரிந்துவிட்டது. இறங்கிப் போகும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "குடுக்கறேன்னு வந்தேன், நீங்கதான் வாங்கல. இனிமே சேகரு தரல, சேகரு தரலன்னு ஊர்ல பேசக் கூடாது, ஆமா."

வாசல் தேடி வந்த கடனை நானே திருப்பி அனுப்பினேன் என்பது வாஸ்தவம், ஆனால் தள்ளுபடி செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.